நகப்பூச்சு விற்போம், விளக்குப் பெட்டி வேண்டாம்

மளிகைக் கடையில் நகப்பூச்சு எதற்கு என்று கேட்கும் மூத்த வியாபாரிகள் நம்மிடையே இன்னும் உண்டு. பொட்டு அட்டை, கண்மை, ரிப்பன், ஊக்கு எல்லாம் நம் கடைக்குள் வந்தபோதே நெயில் பாலிஷும் கூடவே வந்துவிட்டது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப் பெட்டியில் சிவப்பு, மெரூன், ரோஸ் என்று மூன்று நிறம் இருக்கும். பண்டிகைக்கு முந்தின வாரம் தீர்ந்துவிடும். அவ்வளவுதான் அன்றைய வியாபாரம்.

இன்று அப்படி இல்லை. செல்போனில் பார்த்து, வீட்டிலேயே நகத்தில் பூ, புள்ளி, கோடு என்று வரைந்துகொள்ளும் பழக்கம் கல்லூரிப் பெண்களிடம் நன்றாகப் பரவியிருக்கிறது. இந்த வியாபாரம் முழுவதும் ஆன்லைனுக்குப் போய்விட்டது என்று உறுப்பினர்கள் சிலர் வருந்துகிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. இதற்கு வேண்டிய சாமான்களில் பாதி ஏற்கெனவே நம் கடையில்தான் இருக்கின்றன. புள்ளி வைப்பதற்கென்று தனிக் கருவி விற்கிறார்கள். பல் குத்தும் குச்சியும் கொண்டை ஊசியின் முனையும் அதே வேலையைச் செய்யும். முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு செல்லோடேப்பை ஒட்டி, அதன்மேல் வேறு நிறம் பூசி, ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரித்தால் நேர்கோடு கிடைக்கும். இரண்டு நிறம் ஒன்றில் ஒன்று கலந்தது போல் வர ஸ்பாஞ்சில் ஒரு துண்டு போதும். நகத்தைச் சுற்றியுள்ள தோலில் வாசலைன் தடவிக்கொண்டால் வெளியே பட்ட சாயத்தைத் துடைப்பது சுலபம். இவற்றை நாம் சொல்வது பேத்தி செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அனுபவத்தில்தான்.

ஆக, புதிதாகக் கொள்முதல் செய்ய வேண்டியவை நகப்பூச்சு, மேலே பூசும் டாப் கோட், ரிமூவர், ஸ்டிக்கர் அட்டை ஆகிய நான்குதான். நிறத்தில் ஆசைப்பட வேண்டாம். எண்பது நிறம் வாங்கி அடுக்கினால் பாதிக்கு மேல் குப்பியிலேயே கெட்டிப்பட்டுவிடும். பன்னிரண்டு நிறம் போதும். ஆனால் வெள்ளையும் கறுப்பும் இரட்டிப்பாக இருக்கட்டும். வரைகிறவர்களுக்கு அவைதான் முதலில் தீருகின்றன.

வைக்கும் இடத்தில் கவனம் வேண்டும். நகப்பூச்சில் இருப்பது நைட்ரோ செல்லுலோஸும் எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட் போன்ற கரைப்பான்களும். ரிமூவர் பெரும்பாலும் அசிட்டோன். அதன் ஆவி நம் ஊர் வெயிலுக்குக் காத்திருக்காது. உறைபனிக் குளிரிலும் தீப்பற்றக்கூடியது. சாமி படத்துக்கு முன் விளக்கேற்றும் அலமாரியிலோ, கற்பூரம், தீப்பெட்டிக்குப் பக்கத்திலோ அதை அடுக்கக் கூடாது. டீத்தூள் பக்கத்திலும் வேண்டாம், வாசனையை இழுத்துக்கொள்ளும். ஒட்டு நகத்துக்கான பசை விற்பவர்கள் இரண்டு விஷயம் சொல்லி விற்க வேண்டும். அந்தப் பசை பஞ்சிலோ பருத்தித் துணியிலோ சிந்தினால் சுடுமளவுக்குச் சூடேறும். அதன் குப்பி கண் சொட்டு மருந்துக் குப்பி போலவே இருப்பதால், மாறிப்போய்க் கண்ணில் விட்டுக்கொண்டவர்கள் உண்டு.

இதுவரை சொன்னது சாதாரண நகப்பூச்சைப் பற்றி. நாம் எழுத வந்தது ஜெல் பற்றி.

ஜெல் பூச்சு காற்றில் காய்வதில்லை. சிறிய புற ஊதாக் கதிர் விளக்கின் கீழே விரலை வைத்தால்தான் இறுகும். விளக்கு, ஜெல் குப்பிகள், அரம் எல்லாம் ஒரே பெட்டியாக வருகின்றன. 2024 தீபாவளிக்கு முன் சவுகார்பேட்டையில் இருந்து இப்படிப் பெட்டிகளை நாம் வாங்கி, சுற்று வட்டாரக் கடைகளுக்குப் போட்டோம். லாபம் நன்றாகவே இருந்தது.

தை பிறப்பதற்குள், இருபது வருடமாக நம்மிடம் சரக்கு எடுக்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவர் அந்தப் பெட்டியோடு வந்தார். அவர் கடையில் விற்றது போக ஒன்றை மகளுக்குக் கொடுத்திருக்கிறார். பெண்ணுக்கு விரல் நுனியெல்லாம் வீங்கி, கொப்புளித்து, தோல் வெடித்துவிட்டது. ஜெல்லில் உள்ள பொருள் உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டது, இனி வாழ்நாள் முழுவதும் அது படக்கூடாது, பல் அடைக்கப் போனாலும் டாக்டரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று தோல் மருத்துவர் கூறினாராம். அவர் நம்மிடம் சத்தம் போடவில்லை. பெட்டியைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டி, "அண்ணாச்சி, இதை வாசிச்சீங்களா?" என்று கேட்டார். தொழில் பயிற்சி உள்ளவர்கள் மட்டும் உபயோகிக்க வேண்டும் என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. நமக்குப் பள்ளிப் படிப்பு உண்டு, கண்ணாடியும் உண்டு. வாசிக்கவில்லை.

பிறகுதான் விசாரித்தோம். ஜெல்லில் மெத்தாக்ரிலேட் என்னும் இனத்துப் பொருள்கள் இருக்கின்றன. முழுக்க இறுகிவிட்டால் தொல்லை குறைவு. இறுகாத ஜெல் தோலில் பட்டால், அல்லது விளக்கு அந்த ஜெல்லுக்குப் பொருந்தாமல் அரைகுறையாக இறுகினால்தான் வினை. பார்லரில் பழகியவர்கள் தோலில் படாமல் பூசுவார்கள். வீட்டில் இடது கையால் பூசும் பெண்ணுக்கு அது முடியுமா? 2018லேயே பிரிட்டனின் தோல் மருத்துவர் சங்கம் இதைப் பற்றி எச்சரித்துள்ளது. ஹெமா என்ற மெத்தாக்ரிலேட் சேர்ந்த நகப்பூச்சைத் தொழில்முறை உபயோகத்துக்கு மட்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் ஒதுக்கிவிட்டது. ஜெல்லை இறுகச் செய்யும் டி.பி.ஓ. என்ற பொருளை, இனப்பெருக்கத்துக்குத் தீங்கானது என வகைப்படுத்தி, 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே அடியோடு தடை செய்துவிட்டார்கள். ஓரிடத்தில் விற்க முடியாத சரக்கு, மலிவு விலையில் எந்தப் பக்கம் ஓடும் என்பதை வியாபாரிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நம் நாட்டில் அழகுசாதனம் விற்கச் சில்லறைக் கடைக்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை. அதனால் எதையும் விற்கலாம் என்று பொருளல்ல. 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி, உள்நாட்டுச் சரக்கில் தயாரிப்பு லைசென்ஸ் எண்ணும், இறக்குமதிச் சரக்கில் பதிவுச் சான்று எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் இருக்க வேண்டும். தொகுதி எண், காலாவதித் தேதி, சேர்மானப் பட்டியல், அதிகபட்ச சில்லறை விலை ஆகியவற்றையும் பாருங்கள். நாம் வாங்கிய பெட்டியில் விலையைத் தவிர வேறொன்றும் இல்லை.

"நாம் விற்காவிட்டால் ஆன்லைனில் வாங்கப் போகிறார்கள், நஷ்டம் நமக்குத்தானே" என்று செயற்குழுவில் ஒரு நண்பர் கேட்டார். வாங்கட்டும். கை வெந்தால் அந்தப் பெண் ஆன்லைன் கம்பெனியின் வாசலில் போய் நிற்க முடியாது. நம் வாசலில் நிற்க முடியும், நிற்பாள். பெட்டிக்குப் பெட்டி அதே லாபம் வராது என்பது உண்மைதான். ஆனாலும் வெள்ளைப் பாலிஷும் ஸ்டிக்கர் அட்டையும் மாதா மாதம் திரும்ப வாங்கப்படுகிறவை. விளக்குப் பெட்டி ஒரு வீட்டில் ஒரு தடவை விற்பது.

கொடுத்த கடைகளிலிருந்து மிச்சப் பெட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டோம். 34 பெட்டிகள் நமது கிட்டங்கியில் கிடக்கின்றன. அனுப்பியவர் திருப்பி எடுக்க மறுக்கிறார். பில்லில் 'அலங்காரப் பொருள்' என்று மட்டும் எழுதியிருப்பதால் வழக்காடவும் வழியில்லை. லைசென்ஸ் எண் இல்லாத ஜெல் பெட்டியை உறுப்பினர் எவரும் கொள்முதல் செய்வதில்லை என்று அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவர இருக்கிறோம். நம்மிடம் வாங்கி, இன்னும் திருப்பித் தராத கடைக்காரர்கள் பில் இல்லாவிட்டாலும் பெட்டியைக் கொண்டுவரலாம். முழுப் பணம் தரப்படும்.