பழுதுற்ற பஸ்களைத் திரும்ப அழைத்தல்

பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த மணப்பட்டு போன்ற கிராமத்தார், புதுவைக்கோ கடலூருக்கோ செல்லப் பஸ்ஸையே நம்பியுள்ளனர். தயாரிப்பிலேயே பழுதுற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்துச் செப்பனிடுமாறு உற்பத்தியாளரைப் பணிக்கும் அதிகாரத்தை, 2019ஆம் வருஷத்து மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் மத்திய அரசாங்கத்திற்கு அளித்தது. நன்றே. ஆயின், 2021 ஏப்ரலில் அமலுக்கு வந்த விதிகள் ஏழாண்டுக்குட்பட்ட வண்டிகளையே கருதுகின்றன. கிராமத்துப் பஸ் ஏழாண்டில் ஓய்வு பெறுவதுண்டோ?

பழைய வண்டிக்குத் தகுதிச் சான்றிதழ் போதுமென்பார் உளர். 2012 ஜூலையில் தாம்பரத்தருகே, அடித்தளத்து ஓட்டை வழியே பள்ளிச் சிறுமியொருத்தி வீழ்ந்து மாண்டாளே, அந்தப் பஸ்ஸும் அச்சான்றிதழ் பெற்றதுதான்!

சட்டம் முதற்கண் உரிமையாளர் முறையீட்டையே எண்ணுகிறது. அவரோ தம் பஸ்ஸில் ஏறுவது அரிது. பிரேக்கின் தளர்ச்சியை முதலில் உணர்பவர் டிரைவரும் பிரயாணிகளுமே. வேறு வழிகளில் வரும் தகவலையும் சட்டம் ஏற்கிறதாதலின், அவர்கள் சொல்லையும் எண்ணிக் கணக்கிட வேண்டுமென்பதே நம் கருத்து.