ஒரு டீமுக்காக மாத்த ஏலாதா?



"ஒரு டீமுக்காக முழு டூர்ணமன்டையும் மாத்த ஏலாது சேர்." ஜும்ஆ நேரத்துக்கு மெச் போடும்போதெல்லாம் எங்களுக்குக் கிடைக்கிற பதில் இதுதான். ஏலும் என்பதற்கு அமெரிக்கப் பல்கலைக்கழக பேஸ்போலைப் பாருங்கள்.

யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் மோர்மன் திருச்சபையினுடையது. ஞாயிறு அவர்களுக்கு வணக்கத்துக்கும் ஓய்வுக்குமான நாள். எந்த விளையாட்டும் ஆடமாட்டார்கள். அங்கே பேஸ்போல் தொடர் என்றால் வெள்ளி, சனி, ஞாயிறு என்பதே வழமை. இவர்களோடு மோதுகிற அணிகள் வியாழன் தொடங்கி சனியோடு முடித்துவிடுகின்றன.

கொன்பரன்ஸ் சம்பியன்ஷிப் இன்னும் சிக்கலான விஷயம். அதில் வெல்கிற அணிக்கு 64 அணிகளின் தேசியத் தொடரில் நேரடி இடம். இவர்கள் முன்பு இருந்த வெஸ்ட் கோஸ்ட் கொன்பரன்ஸில் 2017இல் நான்கு அணிகள் ஆடின. இரண்டு தரம் தோற்றால்தான் வெளியே. ஆறேழு ஆட்டங்களை மூன்று நாளுக்குள் அடக்க வேண்டியிருந்தது. முழு ஆட்டம் பந்தெறிந்தவரின் கைக்குப் பல நாள் ஓய்வு தேவை. மழை பெய்தால் இன்னும் இறுகும். ஞாயிறும் கிடைத்தால் எல்லாருக்கும் இலேசுதான். ஆனாலும் 2017இல் கலிபோர்னியாவின் ஸ்டொக்டனில் வியாழன் முதல் சனி வரை நடத்தி முடித்தார்கள். கிண்ணமும் பிரிகாம் யங்குக்கே போனது! 2023இல் பிக் 12 கொன்பரன்ஸுக்கு மாறினார்கள். அதன் 2025 இறுதிப் போட்டியும் சனிக்கிழமைதான்.

இதில் கவனிக்க வேண்டியது, அப்போது வெஸ்ட் கோஸ்டில் கொன்சாகா, சாந்தா கிளாரா என்று கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களே அதிகமாக இருந்தன. அவர்களுக்கும் ஞாயிறு புனித நாள்தான், ஆனால் ஆடுவார்கள். "நாங்களும் கிறிஸ்தவர்கள்தானே, உங்களுக்கு மட்டும் என்ன?" என்பதோடு அங்கே கதை முடியவில்லை. இங்கே "மற்ற முஸ்லிம் ஸ்கூல் ஆடுதே" என்ற ஒரு வார்த்தையில் எங்கட பிள்ளைகளின் வாயை அடைக்கிறார்கள்.

அங்கே தேசிய மட்டத்தில் விதியே இருக்கிறது. மார்க்கக் காரணத்தால் குறித்த நாளில் ஆடமாட்டோம் என்ற கொள்கையை எழுத்தில், செப்டெம்பர் 1க்குள் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அட்டவணை மாற்றப்படும். எந்த மார்க்கம், எந்த நாள் என்ற பேதம் அதில் இல்லை. பேஸ்போல் பருவம் தொடங்குவதோ பெப்ரவரியில்.

இங்கே போயா தினத்தில் யாரும் வலயப் போட்டி வைக்கமாட்டார்கள். வைக்கவும் கூடாது. நாங்கள் முழு நாளையும் கேட்கவில்லை, இரண்டு மணித்தியாலம்தான் கேட்கிறோம். காலையிலேயே ஆடலாம், அல்லது இரண்டரைக்குப் பிறகு ஆடலாம். இதற்குப் பெயர் "மத வெறி"யாம்.

எங்கட ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அட்டவணைக் கூட்டம் நடக்கும்போது வாய் திறக்காமல், வெள்ளி காலை மைதானத்தில் நின்று அரசியல்வாதிக்கு போன் எடுப்பது உரிமைப் போராட்டம் அல்ல. மூன்று மாதம் பயிற்சி எடுத்த பிள்ளைகளை, "தீனுக்காக" என்று சொல்லி கடைசி நிமிடத்தில் பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்கு அனுப்புவது அதைவிட மோசம்.

அடுத்த அட்டவணைக் கூட்டத்துக்கு முன் வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதம் போகட்டும். அதிபரின் கையொப்பமும் பள்ளி நிர்வாகத்தின் கையொப்பமும் வேண்டும். வெள்ளி பகல் 12 முதல் 2 வரை என்று நேரத்தையும் தெளிவாக எழுதுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பி வராதீர்கள்.