விண்ணப்பம் தூங்குகிறது, காகிதம் சாகிறது!

ஜூன் மாதம் பிறந்தால் நம் சங்க அலுவலக வாசலில் செருப்புகள் நிறைந்துவிடும். பத்தாவதும் பன்னிரண்டாவதும் தேறிய பிள்ளைகள், கையில் பிளாஸ்டிக் பையோடு அவர்களைப் பெற்றவர்கள். பைக்குள் இருப்பதெல்லாம் காகிதம். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: டொமிசைல் சான்றிதழ் இன்னும் வரவில்லையே, கல்லூரியில் இடம் போய்விடுமா?

திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்து குடியேற யாரிடமும் பர்மிட் வாங்க வேண்டியதில்லை. இந்நாட்டின் எந்தப் பகுதியிலும் தங்கி வாழும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு நமக்குத் தந்திருக்கிறது. இந்தியாவில் டொமிசைல் ஒன்றே, அது இந்திய டொமிசைல் என்று 1984-இல் பிரதீப் ஜெயின் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறிற்று. 2025 ஜனவரியில், மருத்துவ மேற்படிப்பு பற்றிய வழக்கில் அதையே மறுபடியும் கூறிற்று. ஆனால் இளநிலைப் படிப்புகளில் உள்ளூர்வாசிகளுக்கு ஓரளவு இடம் ஒதுக்குவதை அதே 1984 தீர்ப்பு ஏற்றுக்கொண்டது என்பதையும் மறைக்க வேண்டாம். ஆகவே, மகாராஷ்டிரத்தில் 15 ஆண்டு வாழ்ந்ததற்கு அத்தாட்சி கொண்டு வா என்று கேட்பதோடு நமக்குச் சண்டை இல்லை. அத்தாட்சியை வாங்கி வைத்துக்கொண்டு, அது செத்துப்போகும் வரை காத்திருந்துவிட்டு, உயிருள்ளதாகக் கொண்டு வா என்று திருப்பி அனுப்புகிறார்களே, அதோடுதான் சண்டை.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதையைக் கேளுங்கள். தகப்பன் தோல் பட்டறைத் தொழிலாளி. பிப்ரவரியிலேயே மகளுக்காக விண்ணப்பம் போட்டார். வீட்டு வாடகை ஒப்பந்தம் ஏப்ரல் வரை இருந்தது. வருமானச் சான்றிதழும் கையில் இருந்தது. மார்ச் போயிற்று, ஏப்ரல் போயிற்று. மே மாதக் கடைசியில் பதில் வந்தது: ஒப்பந்தம் முடிந்துவிட்டது, புதியது வேண்டும். வீட்டுக்காரரோ புது ஒப்பந்தம் என்றால் புது வாடகை என்றார். அதற்கும் தலையாட்டி, பதிவு செய்து கொண்டு போனால், ஸ்காலர்ஷிப்புக்கு வைத்திருந்த வருமானச் சான்றிதழ் மார்ச் 31-ஓடு பழசாகிவிட்டது என்றார்கள். அதையும் புதுப்பித்து வருவதற்குள் கல்லூரியில் சான்றிதழ் சரிபார்க்கும் நாள் கடந்துவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. இதில் அந்தத் தகப்பன் செய்த குற்றம் என்ன?

வாடகைக் குடித்தனக்காரனுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். மும்பையில் லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்குத்தான் போடுகிறார்கள். அதை எழுத்தில் எழுதிப் பதிவு செய்வது வீட்டுக்காரரின் பொறுப்பு என்று 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 55-வது பிரிவில் சொல்கிறது. எத்தனை வீட்டுக்காரர்கள் செய்கிறார்கள்? 15 ஆண்டில் ஐந்து அறை மாறியவனிடம் ஐந்து வீட்டுக்காரரின் காகிதமும் இருக்குமா? நடுவே ஒரு வருஷம் விட்டுப்போனால், அந்த வருஷம் அவன் இவ்வூரில் வாழவில்லை என்றாகிவிடுகிறது. பிள்ளை அதே வருஷம் இங்கேயே பள்ளிக்கூடத்தில் படித்திருக்கும்! ஆகவே பள்ளியில் ஆண்டுக்கொரு முறை போனபைடு சான்றிதழ் வாங்கி வையுங்கள். வீட்டுக்காரரின் கையெழுத்து கிடைக்காத காலத்துக்கு ஹெட்மாஸ்டரின் கையெழுத்து துணை நிற்கும்.

ஆதார் இருக்கிறதே என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆதார் எண் தன்னளவில் குடியுரிமைக்கோ டொமிசைலுக்கோ அத்தாட்சி ஆகாது என்று 2016-ஆம் ஆண்டின் ஆதார் சட்டமே 9-வது பிரிவில் கூறுகிறது. பிள்ளைகளுக்கு 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகையும் கருவிழியும் மறுபடி பதிய வேண்டும். இதைப் பத்தாவது பரீட்சை நெருங்கும்போதுதான் நம்மவர்கள் நினைக்கிறார்கள்.

பெயர்த் தொல்லை வேறு. முத்தையா மகன் கணேசன் பள்ளிக்கூடத்தில் எம். கணேசன். ஆதாரில் கணேசன் முத்தையா. ரேஷன் அட்டையை எழுதிய குமாஸ்தா குடும்பப் பெயர் என்ன என்று கேட்டு, சாதியை வாங்கி கணேசன் நாடார் என்று மராத்தியில் எழுதிவிட்டார். மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க ஒரு பிரமாணப் பத்திரம்! இனிஷியல் வைத்து எழுதும் நம் வழக்கம் இவர்களுக்குப் புரிவதில்லை என்று நொந்து பயனில்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் அன்றே எல்லாக் காகிதத்திலும் ஒரே பெயரை எழுதிவிட வேண்டும். இந்தச் சான்றிதழ்களுக்கான பிரமாணப் பத்திரத்துக்கு 500 ரூபாய் முத்திரைத் தாள் தேவையில்லை என்று 2025 மார்ச்சில் மாநில அரசு அறிவித்துவிட்டது. இன்னமும் யாராவது அந்தத் தாளைக் கேட்டால் பணத்தை எடுக்காதீர்கள், எங்களிடம் வாருங்கள்.

இனி அரசைக் கேட்கிறோம். நம்மில் பலர் ரயில்வேயில் உழைப்பவர்கள். வண்டி எட்டு மணி நேரம் தாமதமாகி, தேதி மாறி வந்து சேர்ந்தால், உன் டிக்கெட் நேற்றைய டிக்கெட் என்று பயணியை எந்த டி.டி.ஈ.யும் இறக்கிவிடுவதில்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமான வண்டி வேண்டாம் என்றால் முழுப் பணத்தையும் ரயில்வே திருப்பிக் கொடுக்கிறது. தாமதம் யாருடையதோ, நஷ்டமும் அவருடையது. இந்த நியாயம் தாசில்தார் அலுவலகத்துக்கு மட்டும் பொருந்தாதா? விண்ணப்பம் கொடுத்த நாளில் செல்லுபடியாக இருந்த காகிதம், முடிவு சொல்லும் நாள் வரை செல்ல வேண்டும். இது எங்கள் முதல் கோரிக்கை. குறை கூறுவதானால் எல்லாக் குறையையும் ஒரே தடவையில் எழுத்தில் கூற வேண்டும். இது இரண்டாவது.

கோரிக்கை நிறைவேறும் வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 2015-இல் வந்த மகாராஷ்டிரப் பொதுச் சேவை உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கும் ஆயுதம். சேவைக்குக் கெடு உண்டு. கெடு தவறினால் மேல்முறையீடு செய்யலாம். காரணமின்றித் தாமதித்த அதிகாரிக்கு 500 முதல் 5000 ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் வழி உண்டு. கெடு முடியும் நேரத்தில் ஒரு குறையைச் சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டால் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது என்பது சில அலுவலகங்களின் சாமர்த்தியம். அப்படித் திருப்பியதும் மேல்முறையீட்டில் காட்ட வேண்டிய தாமதமே. அதற்குத் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வேண்டும். சேது மையத்தில் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். ஏஜெண்டிடம் அசலைக் கொடுக்காதீர்கள்.

ஜூனுக்குக் காத்திராமல், பிள்ளை ஒன்பதாவது போகும்போதே விண்ணப்பம் போடும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஒவ்வொரு வீட்டுக் காகிதமும் எந்தத் தேதியில் முடிகிறது என்று எழுதி வைக்க ஒரு பதிவேடு திறந்திருக்கிறோம். முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே கிளைத் தோழர்கள் வீடு தேடி வந்து சொல்வார்கள். ஞாயிறு காலையில் பையோடு வாருங்கள். அசலும் வேண்டும், இரண்டு நகலும் வேண்டும்.