மனக்கண்ணில் உருவம் தோன்றாதவர்க்கும் அருள் உண்டு

தாயாரின் திதிநாளில் உடன்பிறந்தோர் ஒன்றுகூடுகின்றனர். மூத்த மகள் கண்களை மூடியதும், அம்மா கூடத்தில் அமர்ந்து பூத்தொடுக்கும் காட்சியை அப்படியே காண்கிறாள். புடைவைக் கரையின் நிறம்கூட அவளுக்குத் தெரிகிறது. இளைய மகனுக்கோ எதுவும் தோன்றுவதில்லை. அம்மா நாள்தோறும் பூத்தொடுத்தாள் என்பதை அவன் அறிவான். ஆனால் அவள் முகம் மனத்தில் எழுவதில்லை. “பெற்றவள் முகமே மறந்துவிட்டதா?” என்று அக்காள் கேட்கும்போது அவன் தலைகுனிகிறான். பூசையறையிலும் அவனுக்கு இதே நிலைதான். தியான சுலோகத்தைச் சொல்லிக் கண்மூடினால் இருளே மிஞ்சுகிறது. தன் அன்பும் பக்தியும் பொய்யோ என்று அவன் உள்ளூரக் கலங்குகிறான்.

இது அன்பின் குறையன்று, மனத்தின் அமைப்பு. 1880ஆம் ஆண்டில் பிரான்சிஸ் கால்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர், காலை உணவு மேசையை மனத்தில் நினைத்துப் பார்க்குமாறு பலரிடம் கேட்டார். சிலர் நேரில் காண்பதுபோல் விவரித்தனர். கற்றறிந்த அறிவியலார் பலர் தமக்குப் படம் எதுவும் தோன்றவில்லை என்றனர். இந்நிலைக்கு 2015இல் ஆடம் சீமன் என்னும் மருத்துவர் ‘அஃபான்டேசியா’ என்று பெயரிட்டார். தம் வாழ்வில் நடந்தவற்றைச் செய்தியாக மட்டும் அறிந்து, மீண்டும் அவற்றினுள் சென்று வாழ இயலாத நலமான மனிதர்களைப் பற்றியும் அதே ஆண்டில் கனடா நாட்டு ஆய்வாளர்கள் எழுதினர். மறுபுறம், தம் வாழ்வின் மிகப் பல நாள்களையும் மறவாத அமெரிக்கப் பெண்மணி ஒருவரைப் பற்றி 2006இல் ஆய்வுரை வெளிவந்தது. அந்நினைவு அவருக்குச் சுமையாகவே இருந்தது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கியை அடுத்துள்ள ஆவுடையார்கோயிலுக்குச் செல்வோர் இவ்வுண்மையை வேறு வழியில் உணரலாம். திருப்பெருந்துறை என்னும் பழம்பெயருடைய இத்தலத்தில் ஆத்மநாதர் அருவமாக விளங்குகிறார். கருவறையில் ஆவுடை உண்டு. அதன்மேல் இலிங்கத் திருமேனி இல்லை. யோகாம்பிகையின் சந்நிதியில் திருவடிகளே வழிபாடு பெறுகின்றன. புழுங்கலரிசிச் சோற்றைச் சூடாகப் படைக்கல்லில் பரப்ப, அதன் ஆவியே நிவேதனமாகிறது.

குதிரை வாங்கப் பாண்டியன் தந்த பொருளோடு வந்த அமைச்சர், குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு மாணிக்கவாசகரானது இங்கேதான். குருநாதர் பின்னர் மறைந்தருளினார். அடிகளிடம் எஞ்சியது நினைவு. ஆட்கொண்ட அந்நாளின் நினைவு 51 பகுதிகள் கொண்ட திருவாசகத்தில் பலகால் மீண்டும் எழுகிறது. கண்ட காட்சியின் விவரங்களைவிட, கரைந்த உள்ளத்தின் உருக்கமே அங்கு மிகுதி.

அந்த இளைய மகன் ஓர் ஆண்டும் திதியைத் தவறவிட்டதில்லை. அம்மாவுக்குப் பாகற்காய் பிடிக்கும் என்று இலையில் அதை முதலில் வைக்கச் சொல்பவனும் அவனே. முகம் தோன்றாத நெஞ்சிலும் அம்மா இருக்கிறாள். அடுத்த திதியில் அவனிடம், “முகம் நினைவிருக்கிறதா?” என்பதற்கு மாறாக, “அம்மாவைப் பற்றிச் சொல், தம்பி” என்று அக்காள் கேட்கட்டும். உருவமில்லாத சந்நிதியில் கைகூப்பி நிற்பவர்கள், உருவமில்லாத நினைவையும் மதிக்கக் கடமைப்பட்டவர்கள்.