கூடம் கோணல்தான்!

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.” தன் குறையை மறைக்க இடத்தின்மேல் பழி போடுவோரைக் குத்திக் காட்டும் பழமொழி இது. ஆனால் ஒலிப்பதிவுத் துறையில் இப்பழமொழி தலைகீழாகி விடுகிறது. அங்கே ஆடுபவர்மேல் குற்றமில்லை. கூடம் மெய்யாகவே கோணல்!

நம் சங்கத்தின் ஒலிப்பதிவு அறைக்குப் பெரிய ஒலிபெருக்கிகள் வாங்க நிதி திரட்ட வேண்டும் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. காரணம் யாவரும் அறிந்ததே. அங்கே கலந்து முடித்த பாடல் அந்த அறையில் நிறைவாக ஒலிக்கிறது. விழா அரங்கில் ஒலிக்கும்போதோ மிருதங்கத்தின் தொப்பி இருந்த இடம் தெரியவில்லை. “ஒலிபெருக்கி சரியில்லை, மாற்றுவோம்” என்கின்றனர் நண்பர்கள். முதற்செலவு அதுவாக இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

ஒலிக்கலவைக்கு உதவும் மானிட்டர் ஒலிபெருக்கி, இசையை இனிமையாக்க வந்ததன்று. உள்ளதை உள்ளபடி காட்ட வந்தது. அது ஓர் அளவுகருவி. சுழிப் பிழை பாராமல் திருகு அளவியைக் கையில் எடுப்போமா? மாட்டோம். ஆனால் ஒலிபெருக்கியை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தவுடனே நம்பி விடுகிறோம்!

யமாஹா நிறுவனத்தின் என்.எஸ்.-10 என்னும் ஒலிபெருக்கி 1978-இல் வீட்டு உபயோகத்திற்காக வெளிவந்தது. அடிநாதம் குறைந்த சிறிய பெட்டி அது. ஆயினும் உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்கள் அதை ஏற்றுக்கொண்டன. 2001-இல் உற்பத்தி நின்ற பின்னும் அதைத் தேடுவோர் உண்டு. அதன் குறை என்ன, நிறை என்ன என்பதைப் பொறியாளர்கள் நன்கு அறிந்திருந்தனர். அறிந்த குறை ஆபத்தில்லை. அறியாத குறையே ஆபத்து.

நம் அறையின் அறியாத குறை எது? அறை 4 மீட்டர் நீளம். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். இரண்டு சுவர்களுக்கிடையே சுமார் 43 ஹெர்ட்ஸிலும், அதன் இரட்டிப்பான 86 ஹெர்ட்ஸிலும் நிலை அலைகள் எழும். சுவரோரத்தில் அவற்றின் அழுத்தம் உச்சம். கலப்பவரின் நாற்காலியோ பின்சுவரை ஒட்டியே கிடக்கிறது. ஒலிபெருக்கிகள் இரண்டும் மூலைகளில். ஆகவே இல்லாத அடிநாதம் அங்கே இருப்பதாகக் கேட்கிறது. கலப்பவர் அதைக் குறைக்கிறார். அரங்கில் தொப்பி காணாமற்போவது இதனால்தான். நாற்காலியை முன்னே நகர்த்த என்ன செலவு?

சரியாக அறையின் நடுவிலும் உட்காரக் கூடாது. அங்கே 43 ஹெர்ட்ஸ் அடியோடு மறைந்து விடும். முன்சுவரிலிருந்து நீளத்தில் 38 விழுக்காடு தள்ளி, அதாவது ஒன்றரை மீட்டரில் அமர்ந்து தொடங்கலாம். இரண்டு ஒலிபெருக்கிகளும் கேட்பவர் தலையும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். உச்சநாதம் எழுப்பும் சிறிய கூம்பு காதின் உயரத்தில் இருக்க வேண்டும்.

“மின்கருவியால் ஏற்றி இறக்கிச் சரி செய்யலாமே” என்பர் சிலர். மேட்டைக் குறைக்கலாம், பள்ளத்தை நிரப்ப முடியாது. ஒலிபெருக்கியின் முகம் பின்சுவரிலிருந்து 70 செ.மீ. தள்ளியிருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை சுமார் 120 ஹெர்ட்ஸில் நேரலையை எதிர்த்து அழிக்கிறது. நேரலையை ஏற்றினால் எதிரலையும் ஏறும். பள்ளம் பள்ளமாகவே நிற்கும்.

1895-இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சு விளங்கவில்லை. அதைச் சீராக்கும் பணி வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் இரவுதோறும் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கச் செய்து, ஒலி தேய்ந்து மறையும் நேரத்தை அளந்தார். அறையின் எதிரொலிப்பைக் கணக்கிடும் விதி பிறந்தது அம்மெத்தைகளிலிருந்துதான். நமக்கும் கண்ணாடிக்கம்பளிப் பலகைகளும் கனத்த துணியும் போதும். நாற்காலியில் ஒருவர் அமர, இன்னொருவர் பக்கச்சுவரில் முகக்கண்ணாடியை நகர்த்தட்டும். ஒலிபெருக்கி எங்கே தெரிகிறதோ அங்கே ஒரு பலகையை மாட்டுக.

பிறகு அளவு திருத்தம். ஓர் அளவீட்டு மைக்கும், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளும் அறையின் மேடுபள்ளங்களை வரைபடமாகவே காட்டிவிடும். இளஞ்சிவப்பு இரைச்சலை ஒவ்வோர் ஒலிபெருக்கியிலும் தனித்தனியே எழுப்பி, இரண்டும் ஒரே டெசிபல் காட்டும்படி அமைக்க வேண்டும். சிறிய அறைக்கு 73 முதல் 79 வரை ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து, குமிழில் அவ்விடத்தைக் குறித்து வைக்க வேண்டும். ஏன்? ஒலி தாழும்போது நம் செவி அடிநாதத்தையே முதலில் இழக்கிறது. பிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை அளந்து காட்டினர். நாளுக்கொரு சத்தத்தில் கேட்டால் நாளுக்கொரு தீர்ப்புத்தான் வரும்.

“தேர்ந்த காதிருக்கக் கருவி எதற்கு?” என்பது கடைசிக் கேள்வி. காதை நான் குறை கூறவில்லை. ஆனால் காது சில நிமிடங்களில் எந்தக் கோணலுக்கும் பழகிப் போகிறது. பழகிய பின் அதற்குக் கோணலே நேராகத் தோன்றும். கருவி பழகுவதில்லை.

கேட்போர் எந்தக் கருவியில் கேட்பர் என்பது நம் கையில் இல்லை. ஆதலால் தொடங்கும் இடமாவது நேர்மையாக இருக்க வேண்டும். உதவித்தொகையில் மிச்சம் பிடித்துக் கொடுக்கப்போகும் மாணவர் பணம் இது. முதலில் நாற்காலியை நகர்த்துவோம், அடுத்து அளப்போம், பலகை மாட்டி மீண்டும் அளப்போம். அதன் பிறகும் ஒலிபெருக்கியே குற்றவாளி என்று வரைபடம் சொல்லுமானால், முதல் நன்கொடை என்னுடையது. அதுவரை உண்டியலைத் திறக்க வேண்டாம் என்று சங்கத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன்.