தங்கம் மட்டும்தானா?



நம் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் சிதைந்தது. காய்கறி விற்று வளர்த்தார் அம்மா சரோஜா. உயரம் தாண்டுதலில் 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவில் 1.86, வெள்ளி. 2024 பாரிஸில் 1.85, வெண்கலம்.

"வர வர இறங்கிட்டாரே" என்றார் டீக்கடையில் ஒருவர். எனக்குச் சுருக்கென்றது. தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியரய்யா அவர்! நமக்குக் கண்ணில் படுவது குறைந்த நாலு சென்டிமீட்டர்தான்.

மனுஷ குணம் அப்படி. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கைக் கேட்டுவிட்டுத்தான் நம் பிள்ளைக்குச் சோறு போடுகிறோம். சரோஜா அம்மா, மகன் தங்கம் வாங்குவான் என்று கணக்குப் போட்டா காய் விற்றிருப்பார்?

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், போன பழைய மாணவர் சந்திப்புக்கு பெங்களூருவிலிருந்தும் துபாயிலிருந்தும்கூட வந்தீர்கள், சந்தோஷம். தலைச்சோலையிலேயே காபிப் பழம் பறிப்பவர்களும் ஜீப் ஓட்டுபவர்களும் வரவில்லை. "வந்து என்னன்னு சொல்லிக்கிறது டீச்சர்?" என்றாள் ஒருத்தி. படுக்கையில் கிடந்த மாமியாரை ஏழு வருஷம் பார்த்துக்கொண்டவள், கூலி வேலை செய்தே இரண்டு தம்பிகளைப் படிக்க வைத்தவள். அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லையாம்!

பொங்கலுக்குப் பிறகு அடுத்த சந்திப்பு. வீட்டுக்கே வந்து அழைத்துப் போவேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். வெளியூர்ப் பிள்ளைகளே, அன்றைக்கு யாரிடமும் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்.