செத்தவனுக்கும் நிறம் பார்த்தார்கள்!



உங்கள் கடையின் கணக்கேட்டைப் புரட்டிப் பாருங்கள். பத்து ரூபாய் பாக்கிக்காரன் பெயரும் அதில் இருக்கும். 'இன்னும் இருபது பேர் தர வேண்டும்' என்று மொட்டையாக எழுதி வைப்பீர்களா? மாட்டீர்கள்! ஆனால் உயிரையே கொடுத்தவர்களின் கணக்கை ஒரு வல்லரசு அப்படித்தான் எழுதியது!

போரில் மாண்டவர்களுக்காக 1917-இல் பிரிட்டன் ஒரு கல்லறை ஆணையத்தை அமைத்தது. பதவி, இனம், மதம் பாராமல் அனைவருக்கும் சம மரியாதை என்பது அதன் கொள்கை. நடந்தது என்ன? இராக்கின் பஸ்ரா நினைவுச் சின்னத்தில் அதிகாரிகளுக்குப் பெயர் பொறித்தார்கள். இந்தியச் சிப்பாய்களுக்கோ வெறும் எண்ணிக்கை! முஸ்லிம், இந்து, சீக்கியர் எல்லோரும் அந்த எண்ணிக்கைக்குள் அடக்கம். கல்லறைக் கல்லின் அருமை கறுப்பர்களுக்குப் புரியாது என்றார், இன்றைய கானாவை 1923-இல் ஆண்ட கவர்னர்.

2021-இல் அந்த ஆணையமே தன் குற்றத்தை ஒப்புக்கொண்டது. பெயரின்றியோ, அறவே நினைவுகூரப்படாமலோ விடப்பட்டவர்கள் குறைந்தது 1,16,000 பேர். அது 3,50,000 வரை இருக்கலாம் என்றது அதன் அறிக்கை. பிரிட்டன் அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

2025 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 1,772 பேருக்குப் பெயரோடு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. பெரும்பாலோர் கறுப்பர்கள், ஆயுதம் தரப்படாமல் சுமை தூக்கி மாண்டவர்கள். டெல்வில் வுட் போரின் நினைவுச் சின்னம் நெடுங்காலமாக நிற்கும் அதே தோட்டத்தில், இவர்களுக்கும் இடம் கிடைக்க ஒரு நூற்றாண்டு ஆனது!

'ஏகாதிபத்தியத்துக்காகச் செத்தவர்களை நாம் ஏன் போற்ற வேண்டும்?' என்று சிலர் கேட்கலாம். போரைப் போற்றச் சொல்லவில்லை சகோதரரே! ஆப்பிரிக்காவில் பலரைக் கட்டாயப்படுத்தித்தான் சுமை தூக்க வைத்தார்கள். அநீதியில் சிக்கிச் செத்தவனின் பெயரையும் மறைப்பது இரண்டாவது அநீதி அல்லவா?

மாண்டவர்களின் கணக்கு அல்லாஹ்விடம் பத்திரமாக இருக்கிறது. கல்வெட்டு தேவைப்படுவது உயிரோடிருப்பவர்களுக்கு! இன்று உன் பாட்டனின் பெயரை அழிப்பவன், நாளை உன்னைப் பார்த்து, 'இந்த மண்ணுக்கு நீ என்ன தந்தாய்?' என்று கேட்பான்.

ஒரே மேடையில் மலர் வளையம் வைத்தால் மட்டும் போதாது. ஒரே கல்லில், ஒரே அளவு எழுத்தில் பெயர் வேண்டும். ஆண்டியும் அரசனும் ஒரே வரிசையில் தொழும் நமக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

உங்கள் ஊரில் படைக்குப் போய்த் திரும்பாதவர் யார்? பெரியவர்களிடம் கேளுங்கள். எந்தச் சமுதாயத்தவர் என்று பிரிக்காமல், எல்லோர் பெயரையும் ஒரே ஏட்டில் இன்றே எழுதுங்கள்!